ரூபாய்த் தாளில் ஒரு வரி

உரைநடை

கற்றல் நோக்கங்கள்

• ஒரு சமுதாயத்தின் பண்பாட்டு அடையாளம் எவற்றால் அமைகிறது என்பதை அறிதல்.
• பல இனத்தவரும் பல மொழியினரும் ஒன்றாய் வாழும் ஒரு நாட்டின் வரலாற்றைப் புரிந்துகொள்ளுதல்.
• தம் மொழியைப் போற்றுதல், பிறர் மொழியை மதித்தல் ஆகிய இரண்டும் ஒன்றுக்கொன்று துணையானவை என்பதை உணர்தல்.

நுழையும்முன்

தமிழ்நாட்டிற்கு வெளியே வளரும் பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, வகுப்பறையில் வேறொரு மொழி எனப் பல மொழிகளோடு பழகுகின்றனர். இவற்றுள் எது தம் மொழி என்னும் கேள்வி அவர்களுக்கு எழுவது இயல்பு. இதே கேள்வியை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக எதிர்கொண்டு வரும் ஒரு தீவின் கதை இப்பாடம்.

தாளின் பின்புறம்

இந்திய ரூபாய்த் தாள் ஒன்றைத் திருப்பிப் பார்த்தால், அதன் மதிப்பு 15 மொழிகளில் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். இந்தியும் ஆங்கிலமும் தனியே பெரிய எழுத்தில் இடம்பெற்றுள்ளன. அந்தப் பதினைந்தனுள் தமிழும் ஒன்று. மொழிகளின் பெயர்களை ஆங்கில அகரவரிசையில் அடுக்கியிருப்பதால், இது முதலா, அது முதலா என்னும் வழக்கிற்கு அங்கே இடமில்லை. அன்றாடம் கைமாறும் அந்தத் தாளில் தம் மொழியின் எழுத்தைக் காண்பவர், இந்த நாட்டில் தமக்கும் ஓர் இடம் உண்டு என்பதைச் சொல்லாமலே உணர்கிறார்.

இந்தியாவிற்கு வெளியேயும் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தைத் தாங்கும் நாடுகள் உண்டு. இலங்கை அவற்றுள் ஒன்று. மற்றொன்று, இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே அமைந்துள்ள மொரீசியஸ். ஏறத்தாழ 1,865 சதுர கிலோமீட்டர் பரப்பும் ஏறத்தாழ 12 இலட்சம் மக்களும் கொண்ட சிறிய தீவு அது. அங்கே தமிழர் சிறுபான்மையினர். அவர்களுள் பெரும்பாலோர் வீட்டில் தமிழ் பேசுவதும் இல்லை. இருப்பினும், அந்நாட்டுப் பணத்தாளில் தமிழ் வரி எந்த இடத்தில் அமைய வேண்டும் என்பதற்காக 1998ஆம் ஆண்டில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பேசாத மொழிக்காக மக்கள் ஏன் கவலையுற்றனர்? இதற்கு விடை காண, அத்தீவின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

எல்லாரும் வந்து சேர்ந்த தீவு

மொரீசியஸ் தீவிற்கு உரிய பழங்குடி மக்கள் என எவரும் இலர். அங்கு வாழும் ஒவ்வொருவரின் முன்னோரும் கடல் கடந்து வந்தவரே. 1598இல் அங்கு வந்திறங்கிய டச்சுக்காரர் தம் நாட்டு இளவரசர் மொரிஸ் என்பவரின் பெயரைத் தீவுக்குச் சூட்டினர். பறக்க இயலாத டோடோ என்னும் பறவை அத்தீவில் மட்டுமே வாழ்ந்தது. மனிதர் குடியேறிய பின் நூறாண்டுக்குள் அது அடியோடு அழிந்தது. 1710இல் டச்சுக்காரர் தீவைக் கைவிட்டனர். 1715இல் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர்.

பிரெஞ்சு ஆட்சியில் மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். புதுச்சேரிப் பகுதியிலிருந்து தமிழ்க் கொத்தர்களும் தச்சர்களும் பிற கைவினைஞர்களும் அழைத்து வரப்பட்டனர். போர்ட் லூயிஸ் துறைமுக நகரின் கட்டுமானத்தில் இவர்களின் உழைப்பு கலந்துள்ளது. வெவ்வேறு தாய்மொழி பேசிய அடிமைகள் தமக்குள்ளும் முதலாளிகளோடும் பேசிக்கொள்ள வேண்டிய தேவையிலிருந்து, பிரெஞ்சுச் சொற்களை மிகுதியாகக் கொண்ட கிரியோல் என்னும் மொழி பிறந்தது. ஏட்டில் எழுதப்படாத அந்தப் பேச்சுமொழியே பின்னாளில் தீவு முழுவதையும் இணைக்கும் மொழியாயிற்று.

1810இல் ஆங்கிலேயர் தீவைக் கைப்பற்றினர். 1835இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஆயினும் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு மலிவான உழைப்பு தேவைப்பட்டது. அவர்களின் பார்வை இந்தியாவின் மீது விழுந்தது.

பதினாறு படிகள்

1834ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், 'அட்லஸ்' என்னும் கப்பல் 36 இந்தியத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு போர்ட் லூயிஸ் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கிய வருகை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நீடித்தது. அக்காலத்தில் ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவில் இறங்கினர். கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய துறைமுகங்களிலிருந்து அவர்கள் புறப்பட்டனர். போஜ்புரி, தமிழ், தெலுங்கு, மராத்தி எனப் பல மொழி பேசியோர் அவர்களுள் இருந்தனர்.

வந்திறங்கியோர் துறைமுகத்தில் இருந்த கற்படிகள் பதினாறனையும் ஏறிச் சென்று பதிவு செய்துகொண்ட இடம் இன்று 'ஆப்பிரவாசி காட்' எனப்படுகிறது. 2006இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. பெயரை எழுதிய எழுத்தர்களுக்கு இந்திய மொழிகள் தெரியா. காதில் விழுந்தவாறு அவர்கள் எழுதினர். முத்துசாமி, வீராசாமி, சுப்பிரமணியன் போன்ற பெயர்கள் பிரெஞ்சு ஒலிப்புக்கேற்ற எழுத்துக்கூட்டலில் பதிவாயின. தமிழர் வழக்கில் தந்தையின் பெயர் ஒரு தலைமுறையோடு நின்றுவிடும். பதிவேட்டில் ஏறிய பெயரோ நிலையான குடும்பப் பெயராகிப் பல தலைமுறைகளுக்குத் தொடர்ந்தது. அந்தப் பெயர்களே பின்வந்தோர்க்குத் தம் மூலத்தை நினைவூட்டும் முதல் அடையாளமாயின.

தோட்ட வாழ்க்கை கொடியது. ஒருநாள் வேலைக்கு வராதவரின் கூலியில் இரண்டு நாள் கூலி பிடித்தம் செய்யப்பட்டது. அதனை 'இரட்டை வெட்டு' என்றனர். அத்தகைய வாழ்க்கையிலும் தொழிலாளர்கள் தோட்டத்து ஓரங்களில் சிறு கோயில்களை எழுப்பினர். மாலையில் ஒன்றுகூடிப் பாடினர். பிள்ளைகளுக்கு ஊர்க் கதைகளைச் சொல்லினர். உடைமை எதனையும் கொண்டுவர இயலாதவர்கள் நினைவில் கொண்டுவந்தவற்றையே தம் செல்வமாகக் காத்தனர். 1901இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து தாயகம் திரும்பும் வழியில் காந்தியடிகள் அத்தீவில் சில நாள்கள் தங்கினார். இந்திய வழியினர் தம் பிள்ளைகளுக்குக் கல்வி அளிப்பதில் கருத்துச் செலுத்த வேண்டும் என அவர் அறிவுறுத்தினார்.

பேச்சு மாறியது, சுவை நின்றது

தலைமுறைகள் சென்றன. தோட்டத்தில் பல இனத்தவரோடு வேலை செய்யக் கிரியோல் தேவைப்பட்டது. செல்வாக்கு உடையோரின் மொழி பிரெஞ்சாக இருந்தது. தேர்வுக்கும் அரசுப் பணிக்கும் ஆங்கிலம் வேண்டியிருந்தது. இம்மூன்றுக்கும் இடையே தமிழ் மெல்ல மெல்ல வீட்டுப் பேச்சிலிருந்து விலகியது. இன்று அத்தீவில் ஐந்தில் நான்கு பங்கினர்க்கும் மேற்பட்டோர் வீட்டில் பேசுவது கிரியோலே.

எனினும் மொழி முழுவதும் மறைந்துவிடவில்லை. அது அடுக்களையில் தங்கியது. கறிவேப்பிலையை மொரீசியஸ் மக்கள் அனைவரும் 'காரிபூலே' என்றே அழைக்கின்றனர். முருங்கைக்கீரை 'பிரேத் மூரூம்' ஆயிற்று. பீர்க்கங்காய் 'பிப்பங்காய்' ஆயிற்று. இரசம் 'ரசோன்' என வழங்குகிறது. இச்சொற்களைத் தமிழ் வழியினர் மட்டுமன்றி, ஆப்பிரிக்க வழியினரும் சீன வழியினரும் பயன்படுத்துகின்றனர். வாழையிலையில் ஏழு வகைக் கறிகளைப் பரிமாறும் தமிழர் விருந்து, 'செத் காரி' என்னும் பிரெஞ்சுப் பெயரோடு தீவின் பொது விருந்துகளுள் ஒன்றாயிற்று. 'செத்' என்பதற்கு ஏழு என்று பொருள். 'காரி' என்பது கறி. ஒரு பெயருக்குள்ளேயே இரண்டு கண்டங்கள் சேர்ந்து அமர்ந்துள்ளன.

கொடுத்தது போலவே அவர்கள் பிறரிடமிருந்து பெற்றதும் உண்டு. பீகார்ப் பகுதியினர் கொண்டுவந்த பருப்புப் பூரியையும், சீனர் கொண்டுவந்த நூடுல்ஸையும் எல்லாரும் உண்கின்றனர். அடிமைகளின் துயரத்திலிருந்து பிறந்த செகா என்னும் பாட்டும் ஆட்டமும் இன்று நாட்டின் பொதுச் சொத்து. ஆட்டுத்தோல் போர்த்த இராவான் என்னும் பறையின் முழக்கத்திற்கேற்ப அதனை ஆடுவர். 2014இல் அதனையும், 2016இல் போஜ்புரிப் பெண்களின் திருமணப் பாடலாகிய கீத் கவாயையும் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளாக ஏற்றுப் பட்டியலிட்டது.

காவடி சுமக்கும் தீவு

மொரீசியஸில் தைப்பூசம் அரசு விடுமுறை நாள். அன்று 'காவடி' என்னும் பெயராலேயே அது குறிக்கப்படுகிறது. பக்தர்கள் பல நாள் நோன்பு இருந்து, ஆற்றில் நீராடி, பூவும் மயிற்பீலியும் எலுமிச்சையும் கொண்டு அணிசெய்த காவடியைத் தோளில் சுமந்து, முருகன் கோயில்களுக்கு நடந்து செல்வர். காவடியில் கட்டிய பாற்செம்பு வெயிலில் நடந்தும் திரியாமல் இருத்தல் நன்னிமித்தம் என்பது அவர்களின் நம்பிக்கை. தமிழில் இறைவனைப் பாடியவாறு செல்லும் அவர்களுள் பலர், வழியில் ஒருவரோடொருவர் கிரியோலில் பேசிக்கொள்வர். வேற்றினத்தவர் சிலரும் நேர்த்திக்கடனாகக் காவடி எடுப்பதுண்டு.

அந்நாட்டின் விடுமுறைப் பட்டியலே ஒரு வரலாற்று நூல் போன்றது. மகாசிவராத்திரி, தெலுங்கரின் உகாதி, மராத்தியர் போற்றும் விநாயகர் சதுர்த்தி, சீனப் புத்தாண்டு, ஈத், தீபாவளி, கிறிஸ்துமஸ் ஆகியவை அதில் உள்ளன. அடிமை முறை ஒழிந்த பிப்ரவரி 1ஆம் நாளும், ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய நவம்பர் 2ஆம் நாளும் அவற்றோடு சேர்கின்றன. பெரும்பான்மையினரின் விழாவிற்குப் பல நாள், சிறுபான்மையினரின் விழாவிற்கு நாளே இல்லை என்னும் நிலை அங்கே இல்லை. ஒரு சமுதாயத்தின் விழாவை நாடே மதித்து நிற்கும்போது, அச்சமுதாயத்தின் பிள்ளைகள் தம் பண்பாட்டை மறைத்து வைக்க வேண்டிய பொருளாகக் கருதுவதில்லை.

வரிசை மாறியபோது

1968ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் மொரீசியஸ் விடுதலை பெற்றது. அந்நாட்டு ரூபாய்த் தாள்களில் ஆங்கிலம், தமிழ், தேவநாகரி என்னும் வரிசையில் எழுத்துகள் இடம்பெற்று வந்தன. 1998 நவம்பரில் வெளியான புதிய தாள்களில் இவ்வரிசை மாறியிருந்தது. தேவநாகரி முன்னும் தமிழ் பின்னுமாக அச்சிடப்பட்டிருந்தன.

தமிழ் நீக்கப்படவில்லை. ஒருபடி கீழே இறங்கியது, அவ்வளவே. ஆயினும் தமிழ் வழியினர் அதனைச் சிறு செய்தியாகக் கருதவில்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே தீவுக்கு வந்துவிட்ட தம் முன்னோரின் இடத்தை அந்த வரிசை குறிப்பதாக அவர்கள் எண்ணினர். கேளாமலே இடம் மாற்றியது, தாம் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் என்பதால் நிகழ்ந்த புறக்கணிப்பு எனக் கருதி எதிர்த்தனர். முடிவில் அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. 1999இல் பழைய வரிசையோடு புதிய தாள்கள் வெளிவந்தன.

இந்நிகழ்ச்சியை இருவேறு வகையில் நோக்கலாம். ஒரு வரி மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன, தாளின் மதிப்பு மாறுமா என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் வீட்டில் பேச்சை இழந்த ஒரு சமுதாயத்திற்கு, பொதுவெளியில் எஞ்சியிருக்கும் எழுத்தே தன் இருப்பின் சான்று. பெரும்பான்மையினரின் மொழியை எங்கும் காணலாம். அதற்கு ஒரு வரி குறைந்தால் இழப்புத் தோன்றாது. சிறுபான்மையினரின் மொழிக்கு அந்த ஒரு வரியே எல்லாமாகும். அரசு அதனைப் புரிந்துகொண்டு தன் முடிவைத் திருத்திக்கொண்டமை பன்மைப் பண்பாட்டின் இயல்பைக் காட்டுகிறது.

எழுத்தில்லாதார் குரல்

தம் உரிமைக்குக் குரல் கொடுத்தல் எவ்வளவு தேவையோ, பிறர் உரிமை மறுக்கப்படும்போது அதனைக் காணுதலும் அவ்வளவு தேவை. மொரீசியஸில் இந்திய வழியினர்க்கும் சீன வழியினர்க்கும் முன்னோர் மொழிகளைக் கற்கத் தொடக்கப் பள்ளிகளில் வாய்ப்பு இருந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்க்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. அவர்களின் முன்னோர் பேசிய ஆப்பிரிக்க மொழிகள் அடிமை வாழ்வில் அழிந்துபோயின. அவர்கள் உருவாக்கிய கிரியோலை நாடு முழுவதும் பேசியது; ஆனால் அதனை ஒரு மொழியாக ஏற்றுப் பள்ளிக்குள் அழைக்க எவரும் முன்வரவில்லை. கொச்சைப் பேச்சு என அது ஒதுக்கப்பட்டது.

1999 பிப்ரவரியில், கயா என்னும் பெயரால் புகழ்பெற்ற பாடகர் ஒருவர் காவலில் இருந்தபோது இறந்தார். அவர் செகா இசையையும் ரெகே இசையையும் இணைத்துப் பாடியவர். கிரியோல் மக்களின் நெஞ்சில் இடம்பெற்றவர். அவர் மறைவைத் தொடர்ந்து நாடெங்கும் கலவரம் மூண்டது, உயிர்கள் பலியாயின. எல்லா இனத்தவரும் இணங்கி வாழும் நாடு எனப் பெயர்பெற்ற தீவில், உள்ளே புகைந்துகொண்டிருந்த மனக்குறை அன்று வெளிப்பட்டது. விழா நாள்களில் இனிப்பைப் பரிமாறிக்கொள்வது மட்டும் ஒற்றுமைக்குப் போதாது என்பதை அந்நாடு துயரத்தோடு கற்றது.

2012ஆம் ஆண்டு முதல் கிரியோல் தொடக்கப் பள்ளிகளில் விருப்பப் பாடமாயிற்று. அதற்கென எழுத்துமுறையும் பாடநூல்களும் அமைந்தன. தமிழ், இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி, சீனம், அரபு ஆகியவற்றோடு கிரியோலும் வகுப்பறையில் இடம்பெற்றது. ரூபாய்த் தாளில் தமிழ் வரியின் இடத்திற்காக வருந்தியவர்க்கும், பள்ளியில் தம் பேச்சுக்கு இடமில்லையே என வருந்தியவர்க்கும் வலி ஒன்றே. ஒருவர் வலியை மற்றவர் அறியும்போதுதான் பன்மைப் பண்பாடு முழுமை பெறுகிறது.

புதிய அலைகள்

உலகமயமாதல் என்னும் சொல் புதியது. அது குறிக்கும் செயல் பழையது. ஐரோப்பியர் தேநீரில் கலக்கும் சர்க்கரைக்காக ஆப்பிரிக்கரும் இந்தியரும் ஒரு தீவில் ஒன்றுசேர்க்கப்பட்டதும் உலகமயமாதலே. இன்று கரும்பின் இடத்தில் ஆடை உற்பத்தி, சுற்றுலா, நிதிச் சேவை ஆகியவை வளர்ந்துள்ளன. தொலைக்காட்சியும் கைப்பேசியும் எந்நாட்டுப் பாடலையும் எல்லா வீட்டிற்கும் கொண்டுவருகின்றன. இதனால் தனித்தன்மைகள் கரைந்து, உலகம் முழுவதும் ஒரே உடை, ஒரே உணவு, ஒரே இசை என ஆகிவிடுமோ என்னும் அச்சம் பலர்க்கு உண்டு.

அச்சத்திற்குக் காரணம் உண்டு. ஆயினும் அதே கருவிகள் எதிர்த்திசையிலும் பயன்படுகின்றன. கடல் கடந்த ஒப்பந்தத் தொழிலாளிக்குத் தன் ஊரிலிருந்து ஒரு கடிதம் வருவதே அரிது. அவர்களின் கொள்ளுப்பேரர்களோ தமிழ்ப் பாடல்களை நாள்தோறும் கேட்கின்றனர். இணையவழியில் தமிழ் எழுத்துகளைப் பயில்கின்றனர். மோக்கா என்னும் ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் கற்பிக்கப்படுகிறது. 1989இல் ஏழாம் உலகத் தமிழ் மாநாடு அந்நாட்டிலேயே நடைபெற்றது. கருவி எதுவாயினும் அதனைக் கொண்டு மரபை மறப்பதும் வளர்ப்பதும் மனிதர் கையில் உள்ளன.

இன்று அத்தீவின் தொழிற்சாலைகளிலும் கட்டடப் பணிகளிலும் வங்காளதேசம், நேபாளம், இந்தியா, மடகாஸ்கர் முதலிய நாடுகளிலிருந்து புதிய தொழிலாளர்கள் ஒப்பந்தத்தின் பேரில் வந்து உழைக்கின்றனர். பதினாறு படிகளில் ஏறி வந்தவர்களின் வழிவந்தோர் இவர்களை எவ்வாறு வரவேற்கப் போகின்றனர் என்பதே அந்நாட்டின் முன் நிற்கும் அடுத்த கேள்வி.

நிறைவாக

மொரீசியஸ் பள்ளி ஒன்றில் தமிழை விருப்பப் பாடமாக எடுக்கும் மாணவர், வீட்டில் கிரியோல் பேசுகிறார். செய்தித்தாளைப் பிரெஞ்சில் வாசிக்கிறார். தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகிறார். வாரத்தில் சில பாடவேளைகளில் மட்டும் அகரமும் ஆய்தமும் எழுதிப் பழகுகிறார். தில்லியிலோ, கொல்கத்தாவிலோ, புணேயிலோ மையப் பள்ளி ஒன்றில் தமிழ் பயிலும் மாணவரின் நிலையும் இதற்கு வெகுதொலைவில் இல்லை. அம்மாணவர்களைப் பார்த்து, அரைகுறையாகப் பேசும் மொழி எப்படித் தாய்மொழி ஆகும் என்று கேட்போர் இருப்பர். அடையாளம் என்பது பிறப்பால் கிடைத்துப் பெட்டிக்குள் இருக்கும் பொருள் அன்று. ஒவ்வொரு தலைமுறையும் விரும்பி எடுத்துப் பயன்படுத்தும்போதே அது உயிரோடு இருக்கிறது. ஐந்து தலைமுறைகளுக்குப் பின்னும் ஒரு குழந்தை தன் பெயரைத் தமிழில் எழுதக் கற்குமானால், அம்மொழி அக்குழந்தைக்கு உரியதே.

தன் பெயரை எழுதக் கற்ற அக்குழந்தை, பக்கத்து இருக்கையில் இருக்கும் தோழரின் பெயரை அவர் மொழியில் எப்படி எழுதுவது என்று கேட்குமானால், அந்நாள் முதல் வகுப்பறை பன்மைப் பண்பாட்டின் களமாகும்.

தெரிந்து தெளிவோம்

மொரீசியஸ் நாட்டுக் கொடியில் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை ஆகிய நான்கு நிறங்கள் சம அகலமுள்ள கிடைப்பட்டைகளாக அமைந்துள்ளன. அந்நாடு விடுதலை பெற்ற மார்ச் 12ஆம் நாளிலேயே, 1992இல் குடியரசாகவும் ஆயிற்று.

சொல்லும் பொருளும்

கொத்தர் – கட்டட வேலை செய்வோர்
பிடித்தம் – கூலியிலிருந்து கழித்துக்கொள்ளும் தொகை
அடுக்களை – சமையலறை
நேர்த்திக்கடன் – வேண்டுதல் நிறைவேறியதற்காக இறைவனுக்குச் செய்யும் கடமை
நன்னிமித்தம் – நல்ல அறிகுறி
புறக்கணிப்பு – ஒதுக்கிவைத்தல்
கொச்சை – திருந்தாத பேச்சு

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. 'அட்லஸ்' கப்பல் போர்ட் லூயிஸ் துறைமுகத்தை அடைந்த ஆண்டு
(அ) 1810 (ஆ) 1834 (இ) 1901 (ஈ) 1968

2. 'காரிபூலே' என்பது எதனைக் குறிக்கும்?
(அ) முருங்கைக்கீரை (ஆ) பீர்க்கங்காய் (இ) கறிவேப்பிலை (ஈ) இரசம்

3. கிரியோல் தொடக்கப் பள்ளிகளில் விருப்பப் பாடமான ஆண்டு
(அ) 1989 (ஆ) 1999 (இ) 2006 (ஈ) 2012

ஆ. பிரித்து எழுதுக.

1. பணத்தாள் 2. வேறொரு 3. கைப்பேசி 4. நாலரை

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. மொரீசியஸ் தீவுக்கு அப்பெயர் எவ்வாறு அமைந்தது?
2. 'இரட்டை வெட்டு' என்றால் என்ன?
3. கிரியோல் மொழி எந்தத் தேவையிலிருந்து பிறந்தது?
4. தந்தையின் பெயர் குடும்பப் பெயராக மாறியது எவ்வாறு?

ஈ. ஐந்தாறு தொடர்களில் விடை எழுதுக.

1. தமிழ் வீட்டுப் பேச்சிலிருந்து விலகியதற்கான காரணங்களை விளக்குக.
2. மொரீசியஸின் விடுமுறைப் பட்டியலை ஒரு வரலாற்று நூல் எனக் கூறுவது பொருந்துமா? காரணம் தருக.
3. ரூபாய்த் தாளில் எழுத்து வரிசை மாறியதைத் தமிழ் வழியினர் எதிர்த்தது ஏன்?

உ. ஒரு பக்க அளவில் விடை எழுதுக.

"ரூபாய்த் தாளில் தமிழ் வரியின் இடத்திற்காக வருந்தியவர்க்கும், பள்ளியில் தம் பேச்சுக்கு இடமில்லையே என வருந்தியவர்க்கும் வலி ஒன்றே." இக்கருத்தைப் பாடப்பகுதியின் சான்றுகளோடு விளக்கி, உடன்பாடா மறுப்பா என்பதைக் காரணத்துடன் எழுதுக.

ஊ. வகுப்பறைக் கலந்துரையாடல்

அணி 1: "ஒரு நாட்டின் ஒற்றுமைக்கு ஒரே பொதுமொழி போதும்."
அணி 2: "ஒவ்வொரு மொழிக்கும் பொதுவெளியில் இடம் தருவதே ஒற்றுமை."
இரு அணியாகப் பிரிந்து உரையாடுக. எதிரணியினர் கூறிய சிறந்த கருத்து ஒன்றைக் குறிப்பேட்டில் எழுதுக.

எ. செயல்திட்டம்

வகுப்பில் உள்ள மாணவர் ஐவரின் வீட்டில் கறிவேப்பிலை, முருங்கை, பருப்பு, உப்பு, புளி ஆகியவற்றை எந்தெந்தப் பெயரால் அழைக்கின்றனர் எனக் கேட்டு அட்டவணையாக எழுதுக. ஒத்த ஒலியுடைய சொற்களை வட்டமிடுக. வீட்டிலுள்ள மூத்தோரிடம் குடும்பம் எந்த ஊரிலிருந்து எப்போது வந்தது எனக் கேட்டறிந்து பத்துத் தொடர்களில் எழுதுக.